தெல்தெனியாவில் ஒரு நானா

கண்டிக்குச் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்றதும் என் அண்ணி, "அங்கே ரயில் ரொம்ப அழகாமே, அதில் போகக் கூடாதா?" என்று கேட்டாள். ஐம்பத்து மூன்று வயதில், மண் ரோட்டில், தனியாக எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அவள் கேட்காமல் விழுங்கியதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

வேலூரில் எங்களுக்கு ஒரு சைக்கிள் குழு உண்டு. தார் ரோடு சலித்துப்போய் எல்லோரும் கிராவல் பைக் வாங்கிவிட்டோம். கைப்பிடி ரேஸ் சைக்கிளைப்போல வளைந்திருக்கும், டயர் மட்டும் தடிமன். ஜல்லியோ செம்மண்ணோ, எதில் விட்டாலும் போகும். அடுத்த விடுமுறையில் கண்டியைச் சுற்றிக் காட்டுக்குள்ளும் ஏரிக்கரையிலும் ஓட்டுவதாகத் திட்டம். யாராவது முன்னால் போய்ப் பாதையைப் பார்த்துவர வேண்டும். மற்றவர்களுக்கு வேலை, பிள்ளைகள், மாமியார். எனக்கு ஒன்றும் இல்லை.

முன்பு இருந்தது. கட்டிலோடு கிடந்த என் அப்பா இருந்தார். ஆறு வருடம் அவரை விட்டு ஒரு ராத்திரிகூட நான் வெளியே தங்கியதில்லை. "நான் போனப்புறம் ஊரெல்லாம் சுத்துவே பாரு" என்று அவரே கேலி செய்வார். போய்விட்டார். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றானபோது எங்கேயும் போகப் பிடிக்கவில்லை. குழுவில் கேட்டதும் முந்திக்கொண்டு கையைத் தூக்கியதற்குக் காரணம் ஆசை இல்லை. அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருப்பதைவிட எங்காவது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொள்வது மேல் என்று தோன்றியது.

கண்டியில் நான் தங்கிய வீடு ஏரிக்கு மேலே ஒரு ஏற்றத்தில் இருந்தது. வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். காலையில் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் வைத்துவிட்டு என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"இதிலயோ மலையெல்லாம் ஏறப் போறீங்கள்? இந்த ஏத்தத்தில நடந்து வந்தாலே எனக்கு மூச்சு வாங்கும், பிள்ளை."

"பழக்கம்தான்" என்றேன்.

"ஓம், பழகினாச் சரிதான். இன்னும் ரெண்டு இடியப்பம் சாப்பிடுங்கோ, வாறன்" என்று உள்ளே போனவர் நாலோடு வந்தார். நம் ஊர் இடியப்பத்துக்குச் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும்தான் கதி. சொதியில் ஊறிய இடியப்பத்தைச் சாப்பிட்ட பிறகு அதை எப்படித் தின்று வளர்ந்தோம் என்றிருந்தது.

வழிகாட்டியாக வரச் சம்மதித்திருந்தவர் கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜுனைதீன். பஸ்கள் இடித்துத் தள்ளும் கடைத்தெருவில், பள்ளிவாசலைத் தாண்டி இருந்தது கடை. அறுபதை நெருங்கும் வயது. ஒட்ட வெட்டிய தாடி, நல்ல உயரம். பல வருடம் சவூதியில் டிரைவராக இருந்துவிட்டு வந்து கடை போட்டவர். "வணக்கம் பாய்" என்றேன், வேலூர்க்காரி வேறு எப்படிச் சொல்வாள்?

அவர் சிரித்தார். "எங்கட பக்கம் பாய் எண்டா படுக்கிற பாய்தான் மிஸ். நானா எண்டு கூப்பிடுங்க. எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுற."

நாங்கள் பல தலைமுறையாக வேலூர்தான், ஆனால் வீட்டுக்குள் பேசுவது தெலுங்கு. அப்பாவை நாங்கள் கூப்பிடுவது 'நானா' என்று. அந்தச் சொல்லை நான் வாயால் சொல்லி மாதக்கணக்கில் ஆயிற்று. இந்த ஊரில் பெரியவர்களை அப்பா என்று கூப்பிடுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனே தவிர, என்னைவிடச் சில வயதே மூத்த ஒருவரை அப்படிக் கூப்பிட வாய் வரவில்லை. "சரி சார்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது.

முதல் நாள் ஹந்தானை மலையைச் சுற்றிக் கலஹா. அந்தப் பாதையை நான்தான் வேலூரிலேயே வரைந்து வைத்திருந்தேன். தேயிலைக்கு நடுவே சிவப்பும் சாம்பலுமாக ஓடும் தோட்டத்து ரோடு. கிராவல் பைக் கண்டுபிடித்தவன் இந்த ரோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். ஒரு பிரிவில் வழி தப்பி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டோம். "பதினோராம் நம்பர் மலையில ஏறிப் போங்க" என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். சுற்றிலும் மலைதான், எதில் நம்பர் எழுதியிருக்கிறது? ஜுனைதீன் சிரித்துக்கொண்டே, இங்கே மலை என்றால் தேயிலைப் பாத்தி, ஒவ்வொன்றுக்கும் நம்பர் உண்டு என்றார். தமிழ் தெரியும் என்ற தைரியத்தில்தான் இந்த நாட்டுக்கு வந்திருந்தேன். அந்தத் தைரியம் அன்றைக்கே கொஞ்சம் ஆட்டம் கண்டது.

பதினோராம் நம்பர் மலையின் இறக்கத்தில் ஒரு கல் என் பின் டயரைக் கிழித்தது. மழையும் பிடித்துக்கொண்டது. நான் ரோட்டில் உட்கார்ந்து டயரைக் கழற்ற, ஜுனைதீன் எனக்குக் குடை பிடித்தார். அதே அம்மா கூடையோடு ஓடிவந்து, "அய்யய்யோ, மழையில எதுக்கு நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று தன் லயத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். வெறும் தேத்தண்ணி, கடித்துக்கொள்ள ஒரு துண்டுக் கித்துள் மரத்துக் கருப்பட்டி, சுடச்சுட ரொட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் சம்பல். இந்தியாவில் எங்கே என்று கேட்டார். வேலூர் என்றதும், "எங்க மாமா குடும்பம் கூடலூருக்குப் போனாங்க. கிட்டவா?" என்றார். கிட்ட இல்லை என்று சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜுனைதீன் ரொட்டியைத் தொடவில்லை. வாசலில் நின்று மழையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை யாருக்கோ போன் செய்து, "தண்ணி எவ்வளவு?" என்று கேட்டார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"மிஸ், உங்கட பாதையில நாளைக்குக் காடு. அத முடிச்சிட்டு நாளண்டைக்கு நாங்க தெல்தெனியாக்குப் போவமா? நல்ல கிரவல் ரோட்டு ஈக்கி. எங்கட நானா அங்கதான் ஈக்கிற. தண்ணி ஏறுறத்துக்கு முந்தி அவரப் பாத்திட்டு வரோணும்."

"தாராளமா போகலாம்" என்றேன். அவர் பேச்சில் 'ஈக்கி' என்றால் 'இருக்கு' என்று அதற்குள் பழகியிருந்தது. தண்ணீர் ஏறினால் வீட்டுக்குப் போகும் பாதை அடைபடும்போல.

அறுபது வயதில் இவருக்கு அப்பா இருக்கிறார்! கண்டிக்குத் திரும்புகிற வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. பொறாமையாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் பொறாமைதான். மழை பெய்ததும் அப்பாவை நினைத்துப் பரிதவிக்க ஒருவருக்கு இன்னும் கொடுத்துவைத்திருக்கிறது.

இரண்டாம் நாள் நக்கிள்ஸ் மலையின் அடிவாரக் காடு. பாதை குறுகி, மக்கிய இலை மூடி, டயர் போகிற சத்தமே கேட்கவில்லை. மரங்களுக்கு நடுவில் திடீரென்று கைக்குட்டை அகலத்துக்கு ஒரு குளம் தெரியும், மறையும். நிற்கலாம் என்றால் ஜுனைதீன் விடவில்லை. "அட்டை ஏறும் மிஸ், நிக்காதீங்க" என்பார். அட்டை ஏறத்தான் செய்தது, காலுறைக்குள் புகுந்து வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தானாக விழுந்தது. ஆனால் அவர் அவசரம் அட்டைக்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது. மரம் விலகுகிற இடத்திலெல்லாம் மேகத்தைப் பார்த்தார். ஒரு கட்டத்தில் எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. "உங்க நானா எங்கேயும் ஓடிப்போக மாட்டார், மெதுவாப் போகலாம்" என்றேன். அவர் வேகத்தைக் குறைத்தார்.

அப்படிச் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் கண்டிக் கடைத்தெருவில் இறங்கி அவர் நானாவுக்கு ஏதாவது வாங்கலாம் என்று தேடினேன். "கைலி இருக்கா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர் விழித்தார். பிறகு, "சாரமா?" என்று ஒரு அடுக்கையே இறக்கினார். நீலக் கட்டம் போட்டது ஒன்று எடுத்தேன். எங்கள் நானாவுக்கும் நீலக் கட்டம்தான் பிடிக்கும். பக்கத்துக் கடையில் தொதல் இருந்தது, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டிய அல்வா மாதிரி. "பல் இல்லாதவங்க சாப்பிடலாமா?" என்று கேட்டேன். "பல்லே தேவையில்ல, அப்பிடியே வழுக்கிப் போகும்" என்றார் கடைக்காரர்.

மூன்றாம் நாள் விடிந்தும் விடியாததுமாகக் கிளம்பினோம். தெல்தெனியாவுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடையில் பராட்டா சாப்பிட நிறுத்தினோம். பொட்டலத்தைக் கொடுக்க அதுதான் சமயம் என்று பையிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"இது நானாவுக்கு. தொதலும் ஒரு சாரமும். பல் இல்லாட்டியும் சாப்பிடலாமாம்."

ஜுனைதீன் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருக்கு மிஸ்?"

"உங்க நானாவுக்கு. அப்பாவுக்கு."

"வாப்பா மௌத்தாகிக் கனகாலம்" என்றார். கையிலிருந்த கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். "நானா எண்டா எனக்கு மூத்தவர் மிஸ். கூடப் பொறந்தவர். பன்ரண்டு வயசுல காய்ச்சல் வந்து மௌத்தாப் பெய்த்தார். அவர்ட கபுறுதான் அங்க ஈக்கி, தண்ணிக்குள்ள."

கபுறு என்றால் சமாதி என்பது வேலூர்க்காரிக்குத் தெரியும். எங்காவது ஓடி ஒளியலாம்போல இருந்தது. பல்லைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எங்கேயும் ஓடிப்போக மாட்டார் என்றும் சொல்லியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, அதற்குப் பதில் எங்கள் வீட்டில் நானா என்றால் யார் என்று சொன்னேன். அவர் போன விதத்தையும், அந்தக் கட்டிலையும் சொன்னேன். மூன்று நாளில் நான் அவ்வளவு பேசியது அப்போதுதான்.

அவர் கடைசிவரை கேட்டார். "அதுக்காகத்தான் என்னைய சார், சார் எண்டு கூப்பிட்டதா? நான் பிழையா நெனச்சிட்டன். வாய் வராட்டி என்ன, சார் எண்டே சொல்லுங்க" என்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்துத் தொதலில் ஒரு துண்டை எனக்குத் தந்து, ஒரு துண்டைத் தானும் போட்டுக்கொண்டார். "நானாக்கும் தொதல் எண்டா உசிருதான்" என்றார். சாரத்தைத் தன் இடுப்பில் வைத்து அளவு பார்த்தார். அது தனக்குச் சரியாக இருக்கும் என்றார்.

பழைய தெல்தெனியா ஆற்றோரத்து ஊர். கீழே விக்டோரியா அணை கட்டியதும் கடைவீதியும் கோயிலும் பள்ளிவாசலும் அதன் பின்னால் இடுகாடாக இருந்த மையவாடியும் தண்ணீருக்குள் போயின. ஜுனைதீனுக்கு அப்போது இருபது வயது இருக்கும். சனங்கள் மேட்டில் எழும்பிய புது ஊருக்கும் வேறு இடங்களுக்கும் போனார்கள், அவர் குடும்பம் மடவளைக்கு வந்தது. கடும் வறட்சி வந்தால் தண்ணீர் இறங்கிப் பழைய ஊர் வெளியே தெரியும். அப்படித் தெரிந்தபோதெல்லாம் அவர் சவூதியில் இருந்தார். அவருடைய உம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து போனில் அழுவாராம். திரும்பி வந்த பிறகு சில வருடம் நல்ல மழை, தண்ணீர் இறங்கவே இல்லை. உம்மாவும் போய்விட்டார். இந்த வருடம்தான் இறங்கியிருக்கிறது. மேலே மழை பிடித்துவிட்டால் மறுபடி எப்போதோ. அதுவரை இருப்பேனா என்று அவர் சொல்லவில்லை. சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் எந்த இடத்திலும் நிற்கலாம் என்று சொல்லவில்லை.

நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் இறங்கியபோது திருவிழாவுக்கு வந்துவிட்டோமோ என்றிருந்தது. வெடித்த சேற்றுத் தரையில் வேனும் மோட்டார் சைக்கிளும். ஐஸ்கிரீம் வண்டி மணியடித்தது. இடிந்த சுவர்களுக்கு முன்னால் குடும்பங்கள் போட்டோ எடுத்தன. நடுவே பழைய ரோடு, தார் போய் ஜல்லி மட்டும் மிஞ்சி, அழகாக வளைந்து தண்ணீரை நோக்கிப் போனது. கண்டியைச் சுற்றி நான் பார்த்த கிராவல் பாதைகளிலேயே இதுதான் அருமையானது. குழு பார்த்தால் துள்ளிக் குதிக்கும்.

கொஞ்ச தூரம்தான் ஓட்டினோம். பழைய பாலத்தின் தூண்கள் தெரிந்ததும் ஜுனைதீன் இறங்கிவிட்டார்.

"இதுக்கு மேல ஓட ஏலா மிஸ்."

"ரோடு நல்லாத்தானே இருக்கு?"

"அங்கால ரோட்டு எதுண்டு தெரியாது. எல்லாம் சேறு மூடி ஈக்கி. கபுறு எங்க தொடங்குதுண்டும் தெரியாது. கபுறுக்கு மேல ஏறி ஓடக் கூடா."

சைக்கிளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒவ்வொரு அடியையும் தரையைப் பார்த்து வைத்தார். உருட்டிக்கொண்டு போகலாமே என்று எனக்கும் தோன்றியது, கேட்கவில்லை. நானும் என்னுடையதைத் தூக்கிக்கொண்டேன். நல்ல சைக்கிளைச் சுமந்துகொண்டு நடக்கும் இரண்டு பேரைப் பார்த்து ஜனங்கள் சிரித்தார்கள். எங்களைத் தாண்டி ஒரு மோட்டார் சைக்கிள் சேற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஜுனைதீன் கண்ணை மூடிக்கொண்டார்.

நடக்க நடக்க அவருக்கு ஊர் திரும்பி வந்தது. இது ரொட்டிக்கடை. இது சிங்கள வைத்தியர் வீடு. இந்த வளைவில்தான் நானா வாப்பாவின் உயரமான சைக்கிளில், பாருக்கு அடியில் காலைக் கொடுத்து மிதித்துக்கொண்டு, பின்னால் இவரையும் வைத்துக்கொண்டு விழுந்தது. "ரெண்டு பேருக்கும் அடி. ஏச்சு நானாக்கு மட்டும்தான். வேகமா மிதிக்கச் சொன்ன நான்தான். அத அவர் சொல்லவே இல்ல" என்று நடந்துகொண்டே சொன்னார்.

பள்ளிவாசல் படிகள் இருந்தன. கீழ்ப் படிகளில் தண்ணீர் இருந்தது.

படியோரத்தில் ஒரு மீன்காரர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஜுனைதீன் அவரிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டார். அவர் மலைப் பக்கம் கையைக் காட்டி நீளமாகப் பதில் சொன்னார். ஜுனைதீன் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"முந்தாநாள் வந்தீந்தா பின்பக்கம் நடந்தே போயீக்கலாமாம். மேல நல்ல மழையாம். ராவையிலிருந்து ஏறுதாம்."

முந்தாநாள் நாங்கள் கலஹாவில் இருந்தோம். நான் வரைந்த பாதையில், நான் கழற்றிய டயருக்கு இவர் குடை பிடித்துக்கொண்டிருந்தார். முதல் நாளே தெல்தெனியாவுக்குப் போகலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதையை மாற்றியிருப்பேன். பணம் கொடுத்து வந்தவளின் திட்டத்தை மாற்றச் சொல்ல அவருக்குக் கூச்சம். அதை நான் சொல்லி அழப்போனபோது, "நீங்க என்ன செய்ற மிஸ், மழைதானே" என்றார். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். அது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சைக்கிளைப் படியில் சாய்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். தண்ணீருக்குள் இறங்கினார். கணுக்கால், முழங்கால். கலங்கிய செம்மண் தண்ணீர். மையவாடி அங்கேதான், ஒரு கல்லை விட்டெறிந்தால் விழுகிற தூரம். ஆழமும் அதிகமில்லை, இடுப்பளவுகூட வராது. போய்விடுவார் என்று நினைத்தேன். கடைசிப் படியில் நின்றுவிட்டார்.

"போங்க, நான் நிக்கிறேன்" என்றேன்.

"கால் எங்க படுதுண்டு காண ஏலா மிஸ்" என்றார். "நானாட மேல மிதிச்சிட்டாலும்?"

படிக்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைக்க அவரால் முடியவில்லை. எத்தனையோ வருடம் கழித்து வந்து, கையெட்டும் தூரத்தில், மரியாதையால் நின்றுவிட்டார். தண்ணீரைப் பார்த்துச் சத்தமாக சலாம் சொன்னார். இரண்டு கையையும் ஏந்தி நெடுநேரம் உதடு அசைய நின்றார். அப்புறம் கையை முகத்தில் தடவிக்கொண்டு, "நானா" என்று கூப்பிட்டார். கூட்டத்தில் முன்னால் போகிறவரைக் கூப்பிடுவது மாதிரிதான் கூப்பிட்டார். ஐஸ்கிரீம் வண்டியிலிருந்து ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குப் பேரப்புள்ள ஈக்கி. அவனுக்குப் பன்ரண்டு வயசு" என்றார் என்னைப் பார்க்காமலே. "நானா அவ்வளவுதான் ஈந்தீக்கார் மிஸ். அவ்வளவு சின்னப் புள்ள." சொல்லிவிட்டு அழுதார். உயரமான மனிதர், தோள் குலுங்கக் குலுங்க அழுதார்.

நான் பக்கத்தில் போகவில்லை. படியில் உட்கார்ந்தேன். காலடியில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. எனக்கும் அழுகை வந்தது, அது அவருக்காகவா என்றால் பாதிதான் அவருக்காக. வீட்டில் சாவு விழுந்த நாளிலிருந்து வருகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து, கணக்கு முடித்து, கட்டில் விரிப்பை மடித்து வைத்த எனக்கு ஒரு முறைகூட வாய்விட்டுக் கூப்பிடத் தோன்றவில்லை. இப்போது, முன்பின் தெரியாத ஒரு நாட்டில், ஒரு மூழ்கிய ஊரின் படியில் உட்கார்ந்துகொண்டு, என்னை மறந்து, "நானா" என்று கூப்பிட்டேன்.

ஜுனைதீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று திரும்பினார். மூன்று நாளில் நான் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. அவ்வளவு அழுகைக்கு நடுவிலும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"என்ன மிஸ்?" என்றார்.

அவரைக் கூப்பிடவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தண்ணி ஏறுது நானா, வாங்க" என்றேன்.